கடல்ராசா கேட்ட முடி

பூமத்திய ரேகையை நான் என் கண்ணாலேயே பார்த்தவன். கறுப்பாக, மெல்லிசாக, இடது ஓரத்தில் கொஞ்சம் வளைந்து கிடந்தது.

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். என் முட்டாள்தனங்களில் பெரியதை முதலிலேயே போட்டு உடைத்துவிட்டால் மற்றதெல்லாம் சின்னதாகத் தெரியுமே என்றுதான் இப்படி ஆரம்பிக்கிறேன்.

என் முதல் கப்பல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் டவுன் பஸ் மாதிரி போய்வந்துகொண்டிருந்த கன்டெய்னர் கப்பல். அதில் தட்டுக் கழுவுவதும் வெங்காயம் உரிப்பதும் என் வேலை. ஒருநாள் அந்தக் கப்பலின் பழைய குக், "இன்னைக்குக் கோட்டைத் தாண்டுறோம், பாக்குறியா?" என்று கூப்பிட்டு பைனாகுலரைக் கையில் கொடுத்தார். பார்த்தேன். கடலுக்குக் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு. பயபக்தியோடு ஒரு கும்பிடு போட்டேன்.

பைனாகுலர் கண்ணாடியில் அவர் தன் தலைமுடி ஒன்றை எச்சில் தொட்டு ஒட்டி வைத்திருந்தார். அந்தக் கப்பலில் அது தெரியாத ஒரே ஆள் நான்தான்.

அன்றைக்கே திண்டுக்கல்லுக்குப் போன் போட்டு என் மனைவி ஈஸ்வரியிடம் சொன்னேன். "கோட்டப் பாத்துட்டேன் ஈசு. அம்புட்டு நேரா போட்டிருக்காங்க."

"யாரு போட்டாங்க?" என்றாள்.

இந்தக் கேள்வியை அன்றைக்கே நான் உட்கார்ந்து யோசித்திருந்தால், இந்த வாரத்துக் கதையே நடந்திருக்காது.

வாளியில் ஒரு வெஞ்சனம்

இரண்டாவது கப்பலில் குக்காக ஏறியதைப் போன வாரம் சொன்னேன். குஜராத்தில் சரக்கை இறக்கிவிட்டு, நிலக்கரி ஏற்றத் தென்னாப்பிரிக்காவுக்குக் காலியாகப் போன கப்பல் அது. காலிக் கப்பல், திருச்சி ரோட்டில் லோடு இறக்கிவிட்டுத் திரும்புகிற டிராக்டர் டிரெய்லர் மாதிரி. ஒரு இடத்தில் நிற்காது. சாம்பாரை அரைச் சட்டிக்கு மேல் வைக்க முடியாது.

போகிற வழியில்தான் பூமத்திய ரேகை.

கப்பல்காரர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. அந்தக் கோட்டை முதல் தடவை தாண்டுகிறவனைக் கடல்ராசாவின் சபையில் நிறுத்துவார்கள். ராசா எங்கிருந்தும் இறங்கி வருவதில்லை, கூட வேலை பார்க்கிறவர்தான் வேஷம் கட்டியிருப்பார். ஏதாவது ஒரு குற்றம் சாட்டி, மேலெல்லாம் கிரீஸ் பூசி, நாறுகிற கூழை ஒரு கரண்டி வாயில் ஊற்றி, தலையை மொட்டையடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். அத்தோடு அவன் அசல் கடல்காரன். ஆயுசுக்கும் யாரும் மறுபடி அவனைத் தொட முடியாது.

எங்கள் கப்பலில் ராசா, போசன் குரூஸ் அண்ணாச்சி. போசன் என்றால் டெக் ஆட்களுக்கு மேஸ்திரி. தூத்துக்குடிக்காரர். அந்தக் கப்பலில் நான் தமிழில் திட்டு வாங்குவதற்கு இருந்த ஒரே ஆள்.

முந்தின நாள் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஏலே குக்கு, நாளைக்குக் கூழு ஒன் பொறுப்பு. சும்மா நாறுனாப் போதாது, கேட்டியா? எம் பேரு கெட்டுறக் கூடாது."

"அண்ணாச்சி, எங்கிட்டச் சொல்லிட்டீகள்ல, விடுங்க."

நான் வேலையில் சுத்தமான ஆள். மீன் கழுவிய தண்ணீரையும் குடலையும் எடுத்து வைத்தேன். அதில் புளித்த கஞ்சி, காபிச் சக்கை, அடுப்பில் அடிப்பிடித்த பருப்பு. பிலிப்பைன்ஸ்காரன் ஆர்னெல், எஞ்சின் ரூமில் எண்ணெய் போடுகிறவன், தன் கேபினில் ஒளித்து வைத்திருந்த இறால் விழுதை ஒரு கை கொடுத்தான். அதன் மேல் வினிகர், மிளகாய்ப் பொடி, இரண்டு அழுகிய முட்டை. வாளியை எஞ்சின் பக்கத்துச் சூட்டில் ஒரு நாள் மூடி வைத்தேன்.

மறுநாள் திறந்தபோது ஆர்னெல் சிலுவை போட்டுக்கொண்டான்.

கடைசியாக மேலே கொத்தமல்லி கிள்ளிப் போட்டேன். சாப்பாடு என்றால் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டுமல்லவா?

நேர்ந்துவிட்ட தலை

இந்த இடத்தில் என் தலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெளியே இருந்ததைத்தான். உள்ளே இருப்பதன் அளவு உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

அப்போது எனக்குப் பிடரியை மூடி, சட்டைக் காலருக்குள் இறங்குகிற அளவுக்கு முடி. கொண்டை போட்டு, வலை மாட்டித்தான் சமைப்பேன். கேப்டன் ஒவ்வொரு கவளத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். அழகுக்கு வளர்க்கிறேன் என்றுதான் கப்பலில் எல்லாரும் நினைத்தார்கள். நானும் மறுக்கவில்லை. என் முகத்துக்கு அப்படியொரு பேர் கிடைப்பது சாதாரண விஷயமா?

ஆனால் அந்த முடி என் முடியே இல்லை. பழனிக்குச் சேர்ந்தது.

எங்கள் மகன் கவினுக்கு மூன்று வயது நெருங்கியும் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கும். கூப்பிட்டால் திரும்புவான். வாய் மட்டும் திறக்காது. மதுரையில் டாக்டரிடம் காட்டினோம். குறை ஒன்றும் தெரியவில்லை, பேச்சுப் பயிற்சி கொடுக்கலாம், பொறுமையாக இருங்கள் என்றார். திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் தெருவுக்குத்தான் பொறுமை கிடையாது. தினம் ஒருத்தர் ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஈஸ்வரி பயிற்சிக்கும் விடாமல் அழைத்துப் போனாள். தெருவில் எல்லாருக்கும் தலையையும் ஆட்டினாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு, பையனின் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் கன்னிவாடியில் அவள் பிறந்த வீட்டிலிருந்து திரும்பி வந்தவள், பையைக் கீழே வைக்கும் முன்பே சொன்னாள்.

"வேண்டிக்கிட்டு வந்துட்டேன். தைப்பூசத்துக்குப் புள்ளயத் தோள்ல தூக்கிக்கிட்டுப் பழனிக்கு நடக்குறீங்க. முடி எறக்குறீங்க. அது வரைக்கும் தலையில கத்திரி படக் கூடாது."

"வேண்டுனது நீ. நடக்குறது நானா?"

"நான் நடந்தா முருகன் எதுக்குன்னு கேப்பாரு. நீங்க நடந்தாத்தான் இவனே நடந்து வந்துட்டானேன்னு எறங்கி வருவாரு."

நான் சாமிக்குப் பயந்தவன் என்று சொல்ல முடியாது. ஈஸ்வரிக்குப் பயந்தவன். வளர்த்தேன்.

நான் இந்த இரண்டாவது கப்பலுக்குக் கிளம்புகிற நாளில்தான் அது நடந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, குனிந்து பையனுக்கு முத்தம் கொடுக்கப் போனேன். என் தாடி குத்தியிருக்க வேண்டும். முகத்தைத் தள்ளிவிட்டு, தெளிவாக, சுத்தமாக, "போ" என்றான்.

மூன்று வருஷமாக ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தோம். தகப்பனுக்குக் கிடைத்தது 'போ'. ஈஸ்வரி தரையில் உட்கார்ந்து அழுதாள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு மாசத்துக்கு ஒன்று, இரண்டு என்று வார்த்தைகள் வந்தன. வரும், பத்து நாள் நின்றுவிடும், மறுபடி வரும். ஈஸ்வரிக்கு அது ஒரு நூலில் தொங்குகிற விஷயம். நூலின் மறுமுனை என் தலையில் இருக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. முடி போனால் பேச்சும் போய்விடும் என்று அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. வீடியோ காலை எடுத்ததும் முதலில் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். அதற்கு மேலே பார்ப்பாள்.

கோட்டைத் தாண்டுவதற்கு இரண்டு நாள் முன்னால் கேட்டாள். "அங்க மொட்ட போட்டு விட்டுருவாங்களாமே. போன்ல வீடியோ பாத்தேன்."

"அது புதுசா தாண்டுற பயலுகளுக்கு ஈசு. நான் எப்பவோ தாண்டுன ஆளு. கோட்டயே பாத்திருக்கேன்."

"வெளையாட்டு வேணாங்க."

"சத்தியமா."

நான் சத்தியம் செய்தால் அவளுக்குக் கூடுதலாகப் பயம் வரும். அது என் ராசி. ஒருமுறை கப்பலில் மலைப்பாம்பு ஏறிவிட்டது என்று சொல்லி, அவள் அழுத பிறகுதான் தண்ணீர்க் குழாயைக் காட்டினேன். அன்றிலிருந்து நான் சொல்வதில் முக்கால் பங்கைக் கழித்துவிட்டுத்தான் கேட்பாள்.

சிங்கப்பூர் எந்தப் பக்கம்?

சபை கூடியது. வெயில் டெக்கில் தோசை சுடுகிற அளவுக்கு இருந்தது. குரூஸ் அண்ணாச்சிக்கு அலுமினியத் தாளில் கிரீடம், பிரிந்த கப்பல் கயிற்றில் இடுப்பு வரை தாடி. கையில் துடைப்பக் கட்டை, அதன் முனையில் என் சமையலறையின் மூன்று முள்கரண்டி. ஆர்னெல்தான் நாவிதன். கையில் பேட்டரியில் ஓடும் முடிவெட்டும் மிஷின். கேப்டன் மேலே நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

குற்றவாளிகள் மூன்று பேர். ஒரு பீகார்க்கார எஞ்சினியர், இரண்டு டெக் ஆட்கள். ஒவ்வொருவனாக முட்டி போட்டு வந்தான். நான் ஏப்ரன் கட்டி, வாளியும் கரண்டியுமாக ராசாவுக்குப் பக்கத்தில், கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவன் தோரணையில் நின்றேன்.

"போதுமா? இன்னும் கொஞ்சம் வைக்கவா?"

சாப்பாட்டு அறையில் தினமும் நான் கேட்கிற கேள்விதான். கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் இன்னொரு கரண்டி ஊற்றினேன். எஞ்சினியருக்கு மூன்று கரண்டி. முந்தின வாரம் என் ரசத்தைக் குறை சொன்னவன் அவன். ஆர்னெல் மூன்று தலையையும் மழித்தான். தார்ப்பாய் கட்டிய தொட்டியில் முக்கி எடுத்தார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

எஞ்சினியர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து என் முன்னால் நின்றான்.

"குக், நீ எங்கே தாண்டினாய்?"

"சிங்கப்பூரில்" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சிங்கப்பூரில் எங்கே?"

"போகிற வழியில். நான் பார்த்தேனே. பைனாகுலரில். கறுப்பாக ஒரு கோடு."

முதலில் சிரித்தவர் கேப்டன். போன் கை நழுவப் பார்த்தது. குரூஸ் அண்ணாச்சி தாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, தமிழில் எனக்கு மட்டும் சொன்னார்.

"ஏலே, சிங்கப்பூரு கோட்டுக்கு இங்கிட்டுல்லா கெடக்கு. நம்ம பக்கம். நீ இன்னும் கோட்டத் தொடவே இல்லல!"

ஆர்னெல் மிஷினை மறுபடி முடுக்கினான். அந்த 'உர்ர்' சத்தம் காதில் விழுந்ததும் வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் ராசா

கப்பலில் ஓடி எங்கே போவது? சரக்கறை மூடியை ஒரு சுற்றுச் சுற்றி, படியேறி, சமையலறைக்குள் புகுந்து தாழ் போட்டேன். வெளியே கூட்டம் பாத்திரத்தைத் தட்டிப் பாட்டுப் பாடியது. கொஞ்ச நேரத்தில் சத்தம் விலகியது. கதவை ஒரே ஒரு விரல் தட்டியது.

"நாந்தாம்ல. தொற."

"மாட்டேன் அண்ணாச்சி."

"மயிரு தானல. வளந்துரும். பொம்பளப் புள்ள கணக்கா அழுவாத."

"அது ஏம் முடி இல்ல அண்ணாச்சி."

"பொறவு யாருக்குள்ளது?"

சொன்னேன். கதவைப் பார்த்தே சொன்னேன். கவின், டாக்டர், பழனி, 'போ', பத்து நாள் நின்று நின்று வருகிற பேச்சு, ஈஸ்வரி என் முகத்துக்கு மேலே பார்க்கிற பார்வை. என் வாழ்க்கையிலேயே இடையில் ஒரு சிரிப்புக்கூட வைக்காமல் நான் பேசி முடித்தது அது ஒன்றுதான்.



"இத மொதல்லயே சொல்லுறதுக்கு என்னல?"

"நாந்தான் தாண்டிட்டேன்னு நெனச்சேனே."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. "எங்க வீட்டுலயும் மூத்தவளுக்கு வேளாங்கண்ணில முடி எறக்குனோம். நேர்ந்துக்கிட்டதுல கை வைக்க எனக்கு மனசு வராது. ஆனா அங்க மூணு பேரு மொட்டத் தலையோட நிக்கான். நீ அவனுவளுக்குக் கரண்டி கரண்டியா ஊத்திருக்க. ஒன்ன மட்டும் விட்டேன்னு வையி, நாளைக்கு ஒஞ் சோத்த எவன் மனசாரத் திம்பான்? இன்னும் அஞ்சு மாசம் ஒரே கப்பல்ல கெடக்கணும்லா."

அவர் சொன்னது நியாயம். அதுதான் என்னைக் கொன்றது.

"பூமுடி மாதிரி ஒரே ஒரு கத்த எடுத்துக்கிடுதோம். பொம்பளையளுக்கு அப்பிடித்தான செய்யாவ?"

"கத்திரியே படக் கூடாதுன்னு வேண்டுதல் அண்ணாச்சி."

"பொறவு முடிக்குப் பதிலு என்ன தருவ? சும்மா விட்டான்னு ராசாவுக்குப் பேரு வரக் கூடாது."

"எல்லாருக்கும் பிரியாணி போடுறேன். எங்க ஊரு பிரியாணி. சீரகச் சம்பால."

"அது ஞாயித்துக்கெழம எப்பிடியும் போடுவ. அதுக்கு எதுக்குல ராசா?"

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "வாளியில இன்னும் எம்புட்டு மிச்சம் இருக்கு?"

எனக்குத் தெரியும். நான்தானே செய்தவன். தாராளமாகச் செய்திருந்தேன்.

தாழைத் திறந்தேன்.

பந்தி

டெக்கில் சம்மணம் போட்டு உட்கார வைத்தார்கள். தாடியை மறுபடி மாட்டிக்கொண்டு ராசா தீர்ப்பு வாசித்தார். இந்தக் குற்றவாளியின் முடி வேறொரு ராசாவுக்கு வாக்குக் கொடுக்கப்பட்டது. அந்த ராசா மலை மேல் இருக்கிறவர். ராசாக்களுக்குள் நாம் தகராறு வைத்துக்கொள்வதில்லை. ஆகவே முடிக்கு ஈடாக, இவன் சமைத்ததை இவனே தின்ன வேண்டும். கரண்டிக் கணக்கு கிடையாது. சாப்பாடாக, தட்டில், மிச்சம் வைக்காமல்.

பரிமாறியது மூன்று மொட்டைகள். எஞ்சினியர்தான் கரண்டியைப் பிடித்திருந்தான். அவன் காதில் போசன் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். வாளிக்குள் தேடி, இருந்த கொத்தமல்லியையெல்லாம் பொறுக்கி என் தட்டின் மேல் வைத்தான்.

முதல் கவளம் பற்றி எழுத இந்தப் பத்திரிகை அனுமதிக்காது. இரண்டாவதில் கண் இருட்டியது. மூன்றாவதில், சொன்னால் நம்ப மாட்டீர்கள், உப்பு குறைச்சல் என்று தோன்றியது. தொழில் புத்தி. ஒரு மீன் குடல் நாக்குக்கும் பல்லுக்கும் நடுவில் வழுக்கி வழுக்கிப் போனது. அதைத் துரத்திப் பிடித்து விழுங்கினேன். இறால் விழுது காது வழியாக வெளியே வருவது போல இருந்தது. தட்டில் பாதி தீர்ந்ததும் நிமிர்ந்தேன்.

எஞ்சினியர் மிக மரியாதையாகக் குனிந்து கேட்டான். "போதுமா? இன்னும் கொஞ்சம் வைக்கவா?"

பதில் வருவதற்குள் ஊற்றினான்.

அவர்கள் சிரித்த சிரிப்பில் கோபம் கரைந்து போயிருந்தது. அது எனக்கே தெரிந்தது. தட்டை வழித்துக் கவிழ்த்துக் காட்டினேன். கை தட்டினார்கள். கப்பலின் ஓரத்துக்கு ஓடிக் கடலுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தேன். மொட்டைகள் மூன்றும் என் கொண்டையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டன, அது அழுக்காகிவிடாமல். பிறகு தொட்டியில் முக்கினார்கள். வெளியே வந்தபோது நான் கடல்காரன். தலையில் ஒரு முடி குறையவில்லை.

சாயங்காலத்து சிக்னல்

மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்தேன். தலைக்கு ஷாம்பு. ஈரம் காயட்டும் என்று துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வைஃபை எடுக்கிற இடத்தில் போய் நின்று வீடியோ கால் போட்டேன்.

ஈஸ்வரி எடுத்தாள். பின்னால் கவின் தரையில் ஒரு பிளாஸ்டிக் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தான். சத்தம் காட்டவில்லை.

"என்ன ஆச்சுன்னு கேளு ஈசு!" என்று ஆரம்பித்தேன். ஒன்றையும் விடவில்லை. சிங்கப்பூர் நம்ம பக்கம் கிடப்பது, ஆர்னெல் மிஷின், நான் ஓடிய ஓட்டம், கதவு, அண்ணாச்சி, தட்டு, குடல். இடைக்கிடை நடித்தும் காட்டினேன். அவள் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. சிரிக்கவும் இல்லை. என் நெற்றிக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"செத்துப் பொழச்சு வந்திருக்கேன். ஒனக்காக, புள்ளைக்காக, பழனிக்காக அம்புட்டையும் தின்னேன். ஒரு வார்த்த நல்லதாச் சொல்ல மாட்டியா?"

"மொதல்ல அந்தத் துண்ட அவுருங்க" என்றாள்.